உரித்து எந்த நாளில் பிறக்கிறது?

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உறுதி எழுதும் நொத்தாரிசுமாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வீட்டைக் கட்டுகிறவர்கள் தாயும் தகப்பனும். அந்த வீடு யாருக்கு, எப்போது, எந்த நிபந்தனையோடு சேரும் என்பதை முடிவாக்குவது நீங்கள் எழுதும் நாலைந்து வரிகள். அந்த வரிகளைப் பற்றியே இந்த மடல். நான் சட்டம் படித்தவள் அல்ல. தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை. ஊர்ப் பெண்கள் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து வந்து, "இதில என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்க ரீச்சர்" என்று நீட்டும் உறுதிகளை வாசித்தே இந்த விடயத்துக்குள் வந்தேன்.

என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தாய் தன் வீட்டை மகளுக்கு எழுத வரும்போது, அந்த வீட்டில் மகளுக்கு உரித்து இன்றே பிறக்கிறதா, இல்லை, நடக்கலாம் நடக்காமலும் போகலாம் என்றிருக்கும் ஒன்றை நம்பி நிற்கப்போகிறதா என்பதைக் கையெழுத்துக்கு முன் அவளுக்கு விளங்கச் சொல்லுங்கள். அவள் எதை விரும்புகிறாளோ அதை ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதுங்கள். இவ்வளவுதான். ஆனால் இதற்குள் பல குடும்பங்களின் நிம்மதி இருக்கிறது.

நம் பகுதியில் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். மூத்தவளுக்குக் கலியாணம் முடிந்து கொஞ்சக் காலத்தில், தாய் தகப்பன் இளையவர்களையும் கூட்டிக்கொண்டு அதே வளவில் இன்னொரு வீட்டுக்கு விலகுகிறார்கள். அந்த வீடு அடுத்தவளுக்கு. வளவு இடம் கொடுக்கும்வரை இது தொடரும். குலப்பிரிவான குடியும் அதன் கிளையான வயிற்றுவாரும் தாய்வழி. சீதன வீடும் தாய்வழி. காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம் குடும்பங்களிலும் வீடு பெண்ணுக்குத்தான். இந்த வழக்கத்தில் வீடு கைமாறுவது ஒரு நாளில் முடிகிற காரியம் அன்று. தாய் இருந்துகொண்டே கொடுக்கிறாள். கொடுத்த பிறகும் அந்த வளவிலேயே இருக்கிறாள். ஒரே வளவுக்குள் இன்றைய அனுபவம் ஒருத்திக்கும் நாளைய உடைமை இன்னொருத்திக்குமாகப் பிரிந்து நிற்கிறது. சட்டப் புத்தகங்கள் எதிர்கால உரித்து என்று பேசுவது இதைத்தான்.

இது நமக்குப் புதிதும் அன்று. நம் பகுதியில் முன்பு வழங்கிய முக்குவர் வழமையில் ஓர் ஆண் முதுசத்தை அனுபவித்து வந்தாலும், அவனுக்குப் பின் அது அவன் பிள்ளைகளுக்குப் போகாது. சகோதரி வயிற்றில் பிறந்தவர்களுக்கே போகும். அனுபவிப்பவன் ஒருவன், அடுத்து உரித்தாளராகப்போகிறவர்கள் வேறு சிலர் என்று ஊரே அறிந்திருந்தது. அந்த விதிகளை சி. பிறிட்டோ 1876இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். அதே 1876இல் வந்த 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள் மற்றும் மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அந்த வழமையின் நிலத்தையே மாற்றிவிட்டது. கண்டியச் சட்டத்துக்கு உட்பட்டோரையும், தேசவழமைக்கு உட்பட்ட தமிழரையும், முஸ்லிம்களையும் அது விலக்கியது. முக்குவர் வழமையை விலக்கவில்லை. ஆகவே இன்று மட்டக்களப்புத் தமிழரின் மரபுரிமை அந்தப் பொதுச் சட்டத்தின் கீழும், அது பேசாத இடங்களில் உரோமன் டச்சுச் சட்டத்தின் கீழும் நிற்கிறது. யாழ்ப்பாணத்துத் தேசவழமை நமக்குப் பொருந்தாது. இதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் நம் தாய்மார் பலர், வீடு பெண்ணுக்கே என்பது வழக்கத்தில் இருப்பதுபோலச் சட்டத்திலும் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த நம்பிக்கை என்ன செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு. வீடு தாயின் பெயரில் இருக்கிறது. மூன்று பெண், இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவள் கலியாணம் முடித்து இருபது வருடமாக அந்த வீட்டில் இருக்கிறாள். "உனக்குத்தான்" என்று தாய் நாலு பேர் முன்னால் சொல்லியும் இருக்கிறாள். உறுதி எழுதவில்லை. தாய் இறக்கிறாள். சட்டப்படி பாதி தகப்பனுக்கு. மறு பாதி ஐந்து பிள்ளைகளுக்கும் சமமாக. மூத்தவளுக்குக் கிடைப்பது அவள் இருந்து வாழும் வீட்டில் பத்தில் ஒரு பங்கு. தகப்பன் மறுமணம் முடித்து எழுத்தில்லாமல் இறந்தால் அவருடைய பாதியில் பாதி புது மனைவிக்குப் போகும். வாய்ச்சொல்லுக்கு இங்கே வலுவில்லை. காணியைப் பற்றிய எந்தக் கைமாற்றமும் நொத்தாரிசு முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் எழுதப்பட வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் அன்றே சொல்லிவிட்டது. முஸ்லிம் குடும்பத்தில் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் மார்க்கச் சட்டத்தின்படி பங்கிடச் சொல்லும். அங்கே மகளின் பங்கு மகனின் பங்கில் பாதி. கலியாணப் பேச்சில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது உறுதி ஒன்றுதான். பெண்கள் உங்கள் படியேறி வருவது அதற்காகத்தான்.

வந்த பிறகு எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் என் கவலை. மூன்று விதமாக எழுதலாம்.

முதல் விதம்: "இந்த வளவையும் வீட்டையும் என் மகளுக்கு இன்றே நன்கொடையாக அளிக்கிறேன். என் சீவிய காலம் வரை இதில் இருக்கவும் இதன் பலனை அனுபவிக்கவும் எனக்குள்ள உரித்தை வைத்துக்கொள்கிறேன்." இங்கே மகள் அந்த உறுதியை ஏற்றுக் கையெழுத்திட்டவுடன் வீடு அவளுடையது. அனுபவம் மட்டும் பின்னுக்கு நிற்கிறது. தாய் என்றோ ஒருநாள் போவது நிச்சயம். எப்போது என்பது மட்டுமே தெரியாது. நிச்சயமான ஒன்றுக்காகக் காத்திருப்பதால் மகளின் உரித்து நிச்சயமற்றதாகிவிடாது.

இரண்டாம் விதம்: "என் காலத்துக்குப் பின் இந்த வீடு என் மகளுக்குச் சேரும்." வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று கொடுத்ததா, இறந்தபின் கொடுப்பதாகச் சொன்னதா? இது நன்கொடையா, நன்கொடையின் உடுப்புப் போட்ட மரண சாதனமா? பத்து வருடம் கழித்து இரண்டு சட்டத்தரணிகள் இந்த ஒரு வரியை வைத்து வழக்காடலாம்.

மூன்றாம் விதம்: "எனக்குப் பின்னும் மகள் உயிரோடிருந்தால் அவளுக்கு; இல்லையெனில் அடுத்தவளுக்கு." அல்லது, "ஊரிலேயே இருந்து எங்களைப் பார்த்தால் அவளுக்கு." இங்கே மகளின் கையில் இன்று ஒன்றும் இல்லை. நிகழ்வு நடந்தால்தான் உரித்துப் பிறக்கும். நடக்காமல் போனால் அவள் இருந்தாள் என்பதற்கே அந்தக் காணியில் அடையாளம் இராது.

உரோமன் டச்சுச் சட்டம் இரண்டு நாட்களைப் பிரித்துப் பார்க்கிறது: உரித்துப் பிறக்கும் நாள் ஒன்று, அனுபவம் கைக்கு வரும் நாள் இன்னொன்று. முதல் விதத்தில் உரித்து இன்றே பிறந்துவிட்டது, அனுபவம் பிறகு வரும். மூன்றாம் விதத்தில் இரண்டுமே வெளியே நிற்கின்றன. இரண்டாம் விதத்தில் எது எந்த நாள் என்பதே தெரியவில்லை. கடல் கடந்து தமிழ்நாட்டுக்குப் போனால், அங்குள்ள 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 19ஆம் 21ஆம் பிரிவுகள் இதையே எழுத்தில் வைத்திருப்பதைக் காணலாம். அனுபவம் தள்ளி வைக்கப்பட்டது என்பதாலோ, இடையில் இன்னொருவருக்கு ஆயுள் உரித்துக் கொடுக்கப்பட்டது என்பதாலோ மட்டும் உரித்து இன்னும் பிறக்கவில்லை என்று கொள்ளக்கூடாது என 19ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. கையில் கிடைக்கும் முன் உரித்துப் பெற்றவர் இறந்தாலும் அந்த உரித்து அழியாது என்றும் சொல்கிறது. அந்தச் சட்டம் நம் நாட்டில் நடைமுறையில் இல்லை. நமக்கு உரோமன் டச்சுச் சட்டமும் தீர்ப்புகளும் இருக்கின்றன. அவற்றின் முன் வைக்கப்படுவது உங்கள் வரி. அது தெளிவாக இருந்தால் வழக்கே வராது.

மூன்றாம் விதத்தை ஒட்டி இன்னொன்றும் இருக்கிறது. "மகளுக்கு அளிக்கிறேன், அவள் விற்கவோ ஈடு வைக்கவோ கூடாது, அவளுக்குப் பின் அவளுடைய பெண்பிள்ளைகளுக்குச் சேரவேண்டும்" என்று காணியைத் தலைமுறைகளுக்குக் கட்டிவைக்கும் முறை பழைய காலத்தில் இருந்தது. சட்டத்தார் அதைப் பிடெய்கொமிசம் என்பார்கள். நம் தாய்வழி மனதுக்கு அது மிகவும் பொருந்திய முறை. 1876ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அந்தக் கட்டின் நீளத்தைக் குறைத்தது: உறுதி எழுதும்போது உயிரோடோ வயிற்றிலோ இருந்து அந்த உறுதியில் குறிக்கப்பட்டவர்களின் வாழ்நாளைத் தாண்டி, விற்காதே என்ற தடை செல்லாது. பிறகு 1972ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பிடெய்கொமிசத்தையே ஒழித்தது. காணி பங்காளிகளின் காத்திருப்பில் முடங்கிக் கிடக்காமல், கையில் வைத்திருப்பவர் அதைத் துணிந்து பயன்படுத்தலாம் என்பது அந்த ஒழிப்பில் கிடைத்த நன்மை. ஆனால் பேத்திக்கும் சேரவேண்டும் என்ற ஆசை மனதிலிருந்து ஒழியவில்லை. இன்றும் ஒரு பாட்டி அப்படி எழுதச் சொல்லிக் கேட்பாள். அந்த வரியை எழுதிக் கொடுத்து அவளை மகிழ்ச்சியோடு அனுப்பிவிடாதீர்கள். "அம்மா, இந்தக் கட்டு இப்ப செல்லாது. பேத்திக்குத்தான் வேணுமெண்டா வேற வழி பாப்பம்" என்று சொல்லுங்கள். செல்லாத வரியை நம்பி அவள் கண்மூடுவதைவிட, செல்லாது என்று அறிந்து அன்றைக்கு அழுதுவிட்டுப் போவது நல்லது.

இனி, முதல் விதமே எல்லாருக்கும் நல்லது என்று நான் சொல்லவரவில்லை. இன்றே பிறக்கும் உரித்துக்கும் விலை உண்டு. அதையும் தாய்க்குச் சொல்லவேண்டும்.

வீடு இன்றே மகளுடையதாகிவிட்டால், தாய்க்கு முன் மகள் இறந்தால் என்ன ஆகும்? வீடு தாயிடம் திரும்பாது. மகள் எழுத்தில்லாமல் இறந்திருந்தால் பாதி மருமகனுக்கு, பாதி அவள் பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இல்லையென்றால் மறு பாதி மட்டுமே பெற்றோர், சகோதரர் பக்கம் வரும். தாயின் சீவிய உரித்து அப்படியே இருக்கும்; அவளை ஒருவரும் வெளியேற்ற முடியாது. ஆனாலும் தாய்வழியில் வந்த வீட்டின் பாதி இன்னொரு குடிக்குப் போய்விடுகிறது. போரும் கடற்கோளும் தாய்க்கு முன் பிள்ளைகளைக் கொண்டுபோன மண் இது. மகள் முந்திப் போகலாம் என்பதை இங்கே யாரும் வெறும் கற்பனை என்று தள்ளமாட்டார்கள்.

அதேபோல, மகளுடையதான உரித்தை மகள் விற்கலாம், ஈடு வைக்கலாம். அவளுடைய கடன்காரர் அதன்மேல் வழக்கு வைக்கலாம். வாங்குபவருக்குக் கிடைப்பது தாயின் சீவிய உரித்துக்கு உட்பட்ட காணிதான் என்றாலும், முன்பின் தெரியாத ஒருவர் வளவுக்கு உடையவராகிவிடுகிறார். தாயோ, இளையவளின் கலியாணத்துக்கோ மகனின் வெளிநாட்டுப் பயணத்துக்கோ அந்த வீட்டை ஈடு வைக்க முடியாது. தேங்காய் பறிக்கலாம், அறையை வாடகைக்கு விடலாம், வயலென்றால் குத்தகைக்குக் கொடுக்கலாம். விற்கவும் அழிக்கவும் அவளுக்கு உரித்தில்லை. மனம் மாறினால் எழுதியதைத் தானே நீக்கவும் முடியாது. மீளப்பெற முடியாத நன்கொடையை, மகள் பெரும் நன்றிகேடு செய்தாள் என்ற காரணத்தால் நீக்க வேண்டுமென்றால், 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும்.

இவற்றைக் கேட்டபின் ஒரு தாய் மரண சாதனமே போதும் என்று முடிவு செய்யலாம். அது அவள் உரிமை. மரண சாதனத்தில் மகளுக்கு இன்று ஒரு உரித்தும் பிறப்பதில்லை; தாய் விரும்பும் போதெல்லாம் மாற்றி எழுதலாம். நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளோடு, அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகளோடு அதை எழுதலாம். எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு என்பதிலும் அவளுக்குத் தடையில்லை. ஆனால் மகளின் பக்கமிருந்து பார்த்தால் அது நம்பிக்கை மட்டுமே. அந்த வீட்டுக்காகத் தன் உழைப்பைக் கொட்டிச் சுவர் எழுப்பும் மகளுக்கும், வீடு உண்டு என்ற பேச்சில் கலியாணம் பேசி வரும் மாப்பிள்ளைக்கும் அது போதுமா என்பதையும் அந்தத் தாய் யோசிக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் அவள் முன் வைப்பது உங்கள் வேலை. தேர்ந்தெடுப்பது அவள் வேலை.

தெளிவாக எழுதிய உரித்துக்கு நம் சட்டம் நல்ல காவலும் தருகிறது. மகள் சுவிசிலோ கனடாவிலோ இருக்கிறாள். தாயோடு மகன் இருக்கிறான். இருபது வருடம் கழித்துத் தாய் இறந்தபின், "இவ்வளவு காலமும் நான்தான் இருந்தேன், இது எனக்கு" என்று மகன் சொன்னால்? காணியைப் பத்து வருடம் எதிர்த்து ஆண்டவருக்கு உரித்துக் கொடுக்கும் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. பின்னால் வரும் உரித்துக்காகக் காத்திருப்பவருக்கு எதிராக அந்தப் பத்து வருடம் ஓடத் தொடங்குவது, காணியைக் கையேற்கும் உரித்து அவருக்கு வந்த நாளிலிருந்துதான். தாய் உயிரோடிருந்து அனுபவித்த வருடங்கள் மகளுக்கு எதிராக எண்ணப்படமாட்டா. ஆனால் தாய் போன பிறகு கடிகாரம் ஓடும். இதையும் மகளுக்குச் சொல்லிவிட்டால், வெளிநாட்டில் இருப்பவள் பத்து வருடத்தைத் தூங்கிக் கழிக்கமாட்டாள்.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு வேதனையைச் சொல்லாமல் போகமுடியாது. நிச்சயமான நிகழ்வு என்று சட்டம் எண்ணும் மரணமே இங்கே பல வீடுகளில் நிச்சயமற்றதாகிவிட்டது. போர்க்காலத்தில், 1990இலும் அதற்குப் பின்னும், கொண்டுபோகப்பட்டவர்கள் திரும்பவில்லை. இறந்தார்கள் என்று சொல்ல உடலுமில்லை, சொல்ல மனமுமில்லை. அப்படிப்பட்ட ஒரு வீட்டின் பழைய உறுதியில் "எங்கள் இருவரின் மரணத்துக்குப் பின் பிள்ளைகள் கையேற்க வேண்டும்" என்றிருந்தால், அந்த நாள் வந்ததா வரவில்லையா என்று யார் சொல்வது? காணி காணாமற்போன தகப்பன் பெயரிலோ இருவர் பெயரிலோ இருந்தால், அவருடைய பங்கைத் தாயால் எழுதிக் கொடுக்கவும் முடியாது. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் காணக்கிடைக்காமைச் சான்றிதழைக் கொண்டுவந்தது. இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலே குடும்பம் சில காரியங்களைப் பார்க்க அது வழிசெய்கிறது. ஆனால் அது மரணச் சான்றிதழ் அன்று. இப்படிப்பட்ட வீட்டுப் பெண் உங்களிடம் வந்தால் அவசரப்படுத்தாதீர்கள். அவளுடைய சொந்தப் பங்கு எது, கணவருடையது எது என்று பிரித்துக் காட்டுங்கள். அவளுடையதை அவருடைய வரவிலோ மறைவிலோ தொங்கவிடாமல் தனியே எழுதுங்கள்.

பிறகு அனுமதிப்பத்திரக் காணிகள். உன்னிச்சை, நவகிரிப் பக்கங்களிலும் படுவான்கரையின் பல குடியேற்றங்களிலும் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த நிலங்கள் உண்டு. அங்கே உங்கள் உறுதிக்கு எல்லை இருக்கிறது; பிரதேச செயலாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கைமாற்றினால் செல்லாது. பின்னுரித்தாளராகப் பெயர் குறிக்கப்பட்ட மகளுக்கு அதனால் மட்டும் இன்று உரித்துப் பிறப்பதில்லை. உரித்தாளர் உயிரோடிருக்கும்வரை அந்தப் பெயரை நீக்கலாம். குறித்த பெயர் உரித்தாளரின் மரணத்துக்கு முன் பதியப்படாவிட்டால் அதற்கு மதிப்பே இல்லை. முதலில் காணி போவது வாழ்க்கைத் துணைக்கு. அவர் மறுமணம் செய்தால், அளிப்புப் பத்திரம் பெற்ற காணி அவர் கையை விட்டுப் பின்னுரித்தாளருக்குப் போகும். உரியவர் ஆறு மாதத்துக்குள் காணியைக் கையேற்காவிட்டாலும் அந்த வாய்ப்புத் தவறும். நிபந்தனைக்கு மேல் நிபந்தனை. பெயர் குறிக்காமல் இறந்தால், அந்தக் கட்டளைச் சட்டத்தின் பழைய மூன்றாம் அட்டவணைப்படி மகள்மாருக்கு முன் மகன்மார், அவர்களிலும் மூத்தவர். பெண்ணுக்கே வீடு என்று வாழும் சமூகத்தின் மேல் தொண்ணூறு வருடத்துக்குக் கிட்ட அந்த விதி கிடந்தது. ஆண் பெண் வேறுபாட்டை நீக்கும் திருத்தம் 2022இல்தான் வந்தது. மகளின் பெயரைப் பதியச் சொல்லி அந்தக் குடும்பங்களைப் பிரதேச செயலகத்துக்கு அனுப்பும் ஒரு சொல், நீங்கள் எழுதும் பல உறுதிகளுக்குச் சமம்.

ஒரு சமூகத்தின் வழக்கத்தை எழுத்து கவனிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நம் கண்ணாலேயே பார்த்தோம். கடற்கோளில் அழிந்த வீடுகளில் பல பெண்களின் சீதன வீடுகள். அவற்றுக்கு ஈடாகக் கிழக்கில் கட்டப்பட்ட வீடுகள் பலவும் "குடும்பத் தலைவர்" என்ற கணக்கில் ஆண்கள் பெயருக்குப் போயின. பெண்கள் அமைப்புகள் அன்றே குரல் எழுப்பின. அங்கே தாய்வழியைக் குலைக்கவேண்டும் என்று யாரும் திட்டமிட்டிருக்கத் தேவையில்லை. படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது, அதை நிரப்பினார்கள். உறுதியின் மாதிரியும் ஒரு படிவந்தான். முந்தைய உறுதியைப் பார்த்து அடுத்ததை எழுதும் பழக்கத்தில், இந்தத் தாயின் நிலைமைக்கு அந்த வரி பொருந்துமா என்று கேட்கப்படாமலே போய்விடுகிறது.

ஆகவே நான்கு காரியங்களை உங்களிடம் கேட்கிறேன்.

முதலாவது, கொடுக்கிற தாயோடு தனியாகப் பேசுங்கள். மகனும் மருமகனும் வெளியே இருக்கட்டும். இன்றே கொடுக்க விரும்புகிறாளா, தன் காலத்துக்குப் பின்னா என்று அவள் வாயால் கேளுங்கள். "மகள் முந்திப் போனால் வீடு யாருக்குப் போகவேண்டும்?" என்ற கேள்வியையும் கேளுங்கள். கேட்கக் கூச்சமான கேள்விதான். ஆனால் நாளை நீதிமன்றத்தில் கேட்கப்படும் கேள்வி அது. அன்றைக்குப் பதில் சொல்ல அவள் இருக்கமாட்டாள்.

இரண்டாவது, சீவிய உரித்தை அளந்து எழுதுங்கள். "என் சீவிய உரித்து" என்று மட்டும் எழுதினால், தாய் இறந்த மறுநாள் தகப்பனுக்கு அந்த வீட்டில் இருக்க உரித்தில்லை. இருவரில் பின் மிஞ்சுபவரின் காலம் வரை என்று எழுதினால் அந்தக் கிழவர் யார் தயவும் இல்லாமல் இருப்பார். இருக்கும் உரித்தா, வாடகையும் விளைவும் எடுக்கும் உரித்தா, திருத்த வேலைச் செலவு யாருடையது என்பவற்றையும் எழுதுங்கள்.

மூன்றாவது, மகள் ஏற்றுக்கொண்டாள் என்பதை அதே உறுதியில் காட்டுங்கள். ஏற்காத நன்கொடை நிறைவேறுவதில்லை. பிள்ளை சிறுபராயத்தினர் என்றால் யார் அவர் சார்பில் ஏற்கிறார், அப்படி ஏற்க அவருக்குத் தகுதி உண்டா என்பதில் இருமடங்கு கவனம் வையுங்கள். பிறகு உறுதியைத் தாமதமில்லாமல் காணிப் பதிவகத்தில் பதியுங்கள். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, பதியாத உறுதியை, பெறுமதி கொடுத்து வாங்கி முந்திப் பதிந்த பிந்திய உறுதி தோற்கடித்துவிடும். வெள்ளமும் இடப்பெயர்வும் கண்ட ஊர் இது. வீட்டிலிருக்கும் பிரதி அழிந்தாலும் பதிவு நிற்கும்.

நான்காவது, வாசித்து விளக்குங்கள். 1907ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு உங்கள் கடமைகளை நீளமாகச் சொல்கிறது. வாசிக்க முடியாதவருக்கு உறுதியை வாசித்து விளக்குவதும் அதில் அடங்கும். உறுதி எந்த மொழியில் இருந்தாலும் நம் பேச்சில் விளக்குங்கள். முடிவில், "இப்ப இந்த வீடு யாருடையது அம்மா?" என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதிலும் உறுதியில் இருப்பதும் ஒன்றாக இருந்தால் கையெழுத்து வாங்குங்கள். வேறாக இருந்தால் அன்றைக்கு வேண்டாம். திருத்தி எழுதிவிட்டு இன்னொரு நாள் கூப்பிடுங்கள்.

இதற்கு நேரம் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். வாசலில் ஆட்கள் காத்திருப்பார்கள். ஆனால் பிழையாக எழுதிய ஒரு வரி 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின் கீழ் வழக்காகப் போனால், சகோதரிகள் நீதிமன்ற வராந்தாவின் இரண்டு மூலைகளில் இருந்து முதுமையடைகிறார்கள். ஒரே வளவில் வேலியில்லாமல் வளர்ந்தவர்களுக்கு இடையில் எல்லைக் கல் நடப்படுகிறது. நீங்கள் கூடுதலாகச் செலவழிக்கும் அரை மணித்தியாலம் அந்த வருடங்களை மிச்சப்படுத்தும்.

கடைசியாக ஒரு வேண்டுதல். மாவட்டத்தில் உறுதி எழுதும் நீங்கள் எல்லாரும் ஒருநாள் கூடி, சீவிய உரித்தோடு கூடிய நன்கொடைக்கு ஒரு நல்ல தமிழ் மாதிரியை உருவாக்குங்கள். ஏற்பு, பின் மிஞ்சுபவர், மகளின் முந்திய மரணம், செலவுப் பொறுப்பு எல்லாம் அதில் இடம்பெறட்டும். எந்த நாளில் உரித்துப் பிறக்கிறது என்பது முதல் வரியிலேயே இருக்கட்டும். பெண்கள் சங்கங்களும் கோயில் பள்ளிவாசல் நிருவாகங்களும் அந்த மாதிரியை ஊரில் வாசித்துக் காட்ட ஆயத்தமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். அழைத்தால் நானும் வருவேன். மொழியைத் திருத்துவதில் என்னால் ஆன உதவியைச் செய்வேன்.

மிக்க மரியாதையுடன்,
எழுவான்கரையிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை